ஆமாம், டீச்சரம்மா

நாரின்,
மார்ச், வியாழக்கிழமை காலை.

அன்புள்ள தம்பி சவரிராயனுக்கு,

அக்கா பிலோமினா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் என் முழங்கால், கண், இரத்த அழுத்தம் மூன்றும் அவரவர் இடத்தில் இருக்கின்றன. அங்கே உன் சர்க்கரையும் லூர்துமேரியின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய குரல் செய்திகள் கிடைத்தன. அவற்றில் பாதி இருமல். மீதியில் இருந்தது, “எப்பக்கா ஊருக்கு வர்றே?” என்ற ஒரே கேள்வி. தொலைபேசியில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால் தாளில் எழுதுகிறேன். வருகிறேன். ஒரேயடியாகத் திருச்சிக்கே வருகிறேன். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வை. நீலம் அதிகம் கலக்காதே.

இத்தனை வருஷம் பிடிவாதமாக இருந்தவள் ஏன் திடீரென்று கிளம்புகிறாள் என்று நீயும் லூர்துவும் கூடிப் பேசுவீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். உன் மச்சான் ஜூமாபெக் இறந்த மறு வருஷம், அவரைக் கட்டிக்கொண்டு நான் வந்த இந்த மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஓர் இணையவழி வகுப்பு தொடங்கினார்கள். பனி விழுந்தால் கணவாய் மூடிக்கொள்ளும், மாணவர்கள் ஊரூராக மாட்டிக்கொள்வார்கள், அதனால் அவரவர் வீட்டிலிருந்தே கைபேசியில் படிக்கலாம் என்று ஏற்பாடு. பாடம் என்ன தெரியுமா? சிந்திப்பது. யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பது, பெரியவர் சொன்னார் என்பதற்காக நம்பாமல் இருப்பது. இதைச் சொல்லிக்கொடுக்க ஊரிலேயே பெரியவளாகப் பார்த்து என்னைப் பிடித்தார்கள். பிழையில்லாத ஆங்கிலம் எனக்கு மட்டும்தான் வருமாம். அது உண்மை. கான்வென்டில் பிரம்பால் ஊட்டிய ஆங்கிலம் எழுபத்திரண்டு வயதிலும் செரிக்காமல் அப்படியே இருக்கிறது.

இந்த ஊரில் மூத்தவர்களை எதிர்த்துப் பேசுவது காறித் துப்புவதற்குச் சமம். அது எனக்குத் தெரியாததல்ல. ஐம்பது வருஷம் அந்த மரியாதையைச் சுகமாக அனுபவித்தவள் நான். ஆனால் வகுப்பில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் கூற்றை மறுப்பவருக்குத்தான் மதிப்பெண் என்று அறிவித்துவிட்டு, விவாதப் பலகையில் ‘சூரியன் மேற்கே உதிக்கிறது’ என்று எழுதினேன். முப்பது பேரும், “ஆமாம், டீச்சரம்மா” என்று பதில் போட்டார்கள். எர்மெக் என்று ஒரு பையன், நல்ல குடும்பம், காலஞ்சென்ற தன் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார் என்று கூடுதலாக எழுதினான். நான் கோபித்துக்கொண்டு, “ஏன் ஒருவர்கூட மறுக்கவில்லை? நீங்கள் எல்லாரும் ஆட்டுமந்தை” என்று எழுதினேன். அதற்கும் முப்பது பேர், “ஆமாம், டீச்சரம்மா.”

அந்த முப்பதில் ஒருத்தி பெகிமாய். மூன்றாம் ஆண்டு, இருபது வயது, விடுதியில் தங்கிப் படிப்பவள். அவளும் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் மற்றவர்கள் உடனே ஆமாம் போடுவார்கள், இவள் ஒரு நாள் யோசித்துவிட்டு ஆமாம் போடுவாள். அதனால் எனக்கு அவள்மேல் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதையும் அவள் கெடுத்தாள். ‘உன் முன்னால் இரண்டே வழிதான் உண்டு என்று ஒருவர் சொன்னால், மூன்றாவதை அவர் மறைக்கிறார், அதைக் கண்டுபிடி’ என்பது ஒரு பாடம். சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் எழுதச் சொன்னேன். பெகிமாய் வெறும் தாளைப் படமெடுத்து அனுப்பினாள். கேட்டதற்கு, “இன்னும் ஒண்ணும் நடக்கலை டீச்சரம்மா, நடந்ததும் எழுதறேன்” என்றாள். பூஜ்யம் போட்டேன்.

நேற்று மதியம் வகுப்பு. எல்லாருடைய படமும் வழக்கம்போல் இருட்டு; பெகிமாயின் படம் மட்டும் வெளிச்சம். விடுதி அறை இல்லை. சுவரில் பெரிய கம்பளம், மூலையில் மணப்பெண்ணை உட்காரவைக்கும் புதுத் திரைச்சீலை, அதற்கு முன்னால் அவள், அவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். தலை கலைந்து, ஒரு கன்னம் சிவந்திருந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கடைத்தெருவில் காலையில் நாலு பேர் அவளைக் காருக்குள் தூக்கிப் போட்டு, கணவாய்க்கு அந்தப் பக்கம் மக்சத் என்பவன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவனை அவள் இரண்டு தடவை பேருந்தில் பார்த்திருக்கிறாளாம். அவ்வளவுதான் சம்பந்தம். தூக்கி வந்த பெண்ணின் தலையில் வெள்ளை முக்காடு கட்டிவிட்டால் இங்கே கல்யாணம் முடிந்த மாதிரி. சட்டப்படி குற்றம்தான். சட்டம் தலைநகரத்தில் இருக்கிறது, கணவாயில் பனி.

கைபேசியை ஏன் பிடுங்கவில்லை என்று கேட்பாய். இன்று தேர்வு, தவறினால் பட்டம் கிடைக்காது என்று அவள் சொல்லியிருக்கிறாள். மக்சத்தின் அம்மாவுக்குப் பட்டம் வாங்கிய மருமகள் வேண்டும். அதனால் அவளே கைபேசியைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாக, “நடத்துங்க டீச்சரம்மா, எங்களால தொந்தரவு இருக்காது. எங்க பொண்ணு நல்லாப் படிப்பாளா?” என்று கேட்டாள்.

போன குளிர்காலத்தில் இதே வகுப்பில் இன்னொரு பெண்ணுக்கு இப்படி நடந்தது. பனி உருகும்போது அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். காரணம் கேட்டேன். “ஆறு” என்றார்கள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. என் ஜன்னலுக்குக் கீழேதான் அந்த ஆறு ஓடுகிறது, சவரி.

பெகிமாய் எழுந்து வாசலை நோக்கி நடந்தாள். உடனே அந்த வீட்டு மூத்த அத்தை, உர்குயா என்று பெயர், கம்பளி மேலங்கியோடு அப்படியே வாசற்படியில் குறுக்காகப் படுத்துவிட்டாள். வயதானவளைத் தாண்டிப் போகிற பெண்ணுக்கு வயிறு திறக்காது, வாழ்வு விளங்காது என்பது இங்கே எல்லாரும் நம்புவது. பெகிமாய் நின்றுவிட்டாள்.

“தாண்டு!” என்று கத்தினேன். “அந்தச் சாபத்துக்கு ஆதாரம் என்ன? கேளு! ஆறாவது பாடம்! தாண்டு!”

உர்குயா தலையைத் தூக்கினாள். “யாருடி அது, டப்பாவுக்குள்ள இருந்து கத்தறது?”

“நான் அவளோட டீச்சர்.”

“வயசென்ன உனக்கு?”

“எழுபத்திரண்டு.”

“எனக்கு எழுபத்தொம்பது. பெரியவ பேசறப்போ வாயை மூடு, சின்னப் பொண்ணே.”

மூடிக்கொண்டேன். சவரி, நம்புவாயா? பிரம்படிக்கே வாய் மூடாத நான், ஐம்பது வருஷம் இந்த ஊர் ரொட்டி தின்ற பழக்கத்தில், “சரிங்கக்கா” என்றே சொல்லிவிட்டேன். முப்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் திரும்ப மூச்சு வாங்கி, “பிள்ளைங்களா, யாராவது பேசுங்க. இது சரியா? ஒருத்தராவது சொல்லுங்க” என்றேன். கடைசியில் எர்மெக் தொண்டையைச் செருமினான். “டீச்சரம்மா சொல்றதும் சரிதான். அந்தப் பெரியம்மா சொல்றதும் சரிதான்.”

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கொன்றது. பெகிமாய் வாசலைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், கைபேசி வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு போய், அந்த வெள்ளை முக்காட்டைத் தானே எடுத்து, தானே தலையில் கட்டிக்கொண்டாள். பெண்கள் ஓவென்று சத்தம் போட்டார்கள். மக்சத்தின் அம்மா அழுதேவிட்டாள். “கெட்டிக்காரி, புரிஞ்சுக்கிட்டா” என்றாள் ஒருத்தி. உடனே எல்லாரும் ஆட்டை உரிக்கவும் மாவு பிசையவும் கலைந்தார்கள். பெகிமாய் வெந்நீர்க் கொதிகலத்துக்குப் பக்கத்தில் மருமகளாக உட்கார்ந்து தேநீர் ஊற்றத் தொடங்கினாள். முதல் கிண்ணம் வாசற்படியில் இருந்த உர்குயாவுக்கு. அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. இங்கே பெரியவர்களுக்குக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும். இன்னும் இருங்கள், இன்னும் கேளுங்கள் என்று அதற்கு அர்த்தம். இவள் விளிம்பு வரை ஊற்றினாள். “யாருடி உனக்கு ஊத்தக் கத்துக்குடுத்தது?” என்று சலித்துக்கொண்டாலும், புது மருமகளின் முதல் தேநீராயிற்றே, கிழவி முழங்கையை ஊன்றிக் குடித்தாள். இவள் மறுபடியும் விளிம்பு வரை ஊற்றினாள். என் மாணவிக்குச் சிந்திக்கவும் வரவில்லை, தேநீர் ஊற்றவும் வரவில்லை. அப்போது யாரோ கைபேசியை எடுத்து, “தேர்வு முடிஞ்சுதுங்களா? நல்ல மார்க்கா போட்டு விடுங்க” என்று சொல்லி அணைத்துவிட்டார்கள்.

பெகிமாயின் அம்மாவைக் கூப்பிட்டேன். “நானும் இப்படி வந்தவதான் டீச்சரம்மா. முதல் வருஷம் அழுவா. அப்புறம் குழந்தை வந்துடும்” என்றாள். அவள் குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் இருந்தது. காவல் நிலையத்தைக் கூப்பிட்டேன். எடுத்தவர் என் பழைய மாணவர். “நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி டீச்சரம்மா. பெரிய குற்றம்” என்றார். “அப்போ கிளம்புறியா?” என்றேன். “ஆமாம், டீச்சரம்மா” என்றார். இன்று காலை விசாரித்தேன். கிளம்பவில்லை. இந்த ஊரே என் பேச்சை ஒப்புக்கொள்கிறது, தம்பி. அதனால்தான் ஒரு காரியமும் நடப்பதில்லை.

ஆகவே விடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு ராஜினாமாவை அனுப்பிவிட்டேன். கைபேசிக்குள்ளிருந்து யாருக்கும் சிந்திக்கக் கற்றுத்தர முடியாது. அங்கே ஒரு வாசற்படி இருக்கிறது, அதில் ஒரு கிழவி படுத்திருக்கிறாள். இங்கே இன்னொரு கிழவி கத்திக்கொண்டிருக்கிறாள். இதுதான் நான் மூன்று வருஷம் நடத்திய பாடத்தின் மொத்தச் சாரம். பெகிமாய் அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும்போது நான் இந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்க முடியாது. சாமான்களை விற்றதும் புறப்படுகிறேன். உன் மச்சானின் படமும் இரண்டு பெட்டியும்தான் வரும்.

லூர்துமேரிக்கு என் அன்பு. பிள்ளைகள் அனைவரையும் மாதா தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும். பாலக்கரைக் கோயிலில் எனக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. பெயரை ஒழுங்காகச் சொல்: பெகிமாய்.

இப்படிக்கு,
தோற்றுப்போன உன் அக்கா,
பிலோமினா

பின்குறிப்பு: சுண்ணாம்பு அடிக்காதே. அடித்திருந்தால் அந்த அறையை வாடகைக்கு விட்டுவிடு.

உறையை ஒட்டப் போகும்போது அழைப்பு மணி அடித்தது. திறந்தால் பெகிமாய். காலில் யாரோ ஆண்பிள்ளையின் ரப்பர் செருப்பு, கையில் சுருட்டிய வெள்ளை முக்காடு. முதலில் நான் கேட்டது என்ன தெரியுமா? “தாண்டினியா?”

“தாண்டலை. நீங்க சொன்னது தப்பு, டீச்சரம்மா.”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“சாபம் நெசமா பொய்யான்னு அங்க நின்னு பேசிக்கிட்டிருந்தா, அதுக்குள்ள எனக்கு முக்காடு கட்டியிருப்பாங்க. நானே கட்டிக்கிட்டதும் எல்லாரும் போயிட்டாங்க. மிச்சம் அந்தம்மா ஒருத்திதான். தாண்டணும், இல்ல இருக்கணும்னு ரெண்டு வழிதான் சொன்னாங்க. அவங்களுக்கு வயசு எழுபத்தொம்பது. கழிப்பறை முற்றத்தோட அந்தக் கோடியில, பனிக்கு நடுவுல. நான் ஊத்திக்கிட்டே இருந்தேன்.”

“கிழவி எழுந்துட்டாளா?”

“எழுந்தாங்க. வழுக்கும்னு நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். வெளித் தாழ்ப்பாளைப் போட்டுடலாமான்னு தோணுச்சு. போடலை. பெரியவங்க.”

கழிப்பறை வாசலிலிருந்து நேரே தெருவுக்கு நடந்து, ஒரு நிலக்கரி லாரியில் ஏறி, அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அப்பா கதவைத் திறக்கவில்லை. “உன் புருஷன் வீட்டுக்குப் போ” என்று உள்ளிருந்தே சொல்லியிருக்கிறார். அம்மா ஜன்னல் வழியாக அந்தச் செருப்பை மட்டும் போட்டிருக்கிறாள். காலை ரொட்டி வண்டியில் இங்கே வந்தாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. “அந்த மூணாவது வழிப் பயிற்சி இப்ப எழுதிக் குடுத்தா ஏத்துக்குவீங்களா?” என்றுதான் கேட்டாள். ஏற்றுக்கொண்டேன். தாமதத்துக்காக இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

ராஜினாமாவுக்குப் பல்கலைக்கழகம் பதில் போடவில்லை. அவர்கள் எதற்கும் போட்டதில்லை, அதனால் அது அனுப்பாத மாதிரியே. மக்சத்தும் அவன் ஆட்களும் இருட்டுவதற்குள் இங்கே வருவார்கள். காவல் நிலையத்தில் மறுபடியும், “ஆமாம், டீச்சரம்மா” என்கிறார்கள். ஆகவே மெத்தையை இழுத்து வந்து என் வாசற்படியில் குறுக்கே போட்டுப் படுத்துவிட்டேன். இதைப் படுத்தபடிதான் எழுதுகிறேன், கையெழுத்தை மன்னி. கிழவியைத் தாண்டினால் சாபம் என்பதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. ஆனால் அந்தப் பையன்கள் என் வகுப்பில் படித்ததில்லை.

பெகிமாய் உள்ளேயிருந்து தேநீர் ஊற்றட்டுமா என்று கேட்கிறாள். பாதிக் கிண்ணம், அதற்குமேல் ஒரு சொட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.