இடது பக்கம் படுத்தால் தெரிகிற ஜன்னல்

பாலகொல்லு,
உகாதிக்குப் பத்து நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை.

'ஸ்ரீராமபாத தீபிகை' மாத இதழின் ஆசிரியர் சோமயாஜுலு காரு அவர்களின் சமூகத்துக்கு, இருபத்திரண்டு வருடச் சந்தாதாரர் கோட்ட சேஷரத்னம் தலை வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான், என் வீட்டுக்காரர், எருமை மூவரும் ராமன் புண்ணியத்தில் சௌக்கியம். என் இதயமும் காலை ஐந்து மணியிலிருந்து இரவு ஒன்பதே முக்கால் வரை சௌக்கியம்தான். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். நான் பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவள். உங்கள் இதழை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கவே கற்றேன். ஆகையால் இதில் பிழை இருந்தால் பாதிப் பிழை உங்களுடையது.

சென்ற மாத இதழில் முப்பத்தெட்டாம் பக்கத்தில் உங்கள் டாக்டர்காரு, தூங்கலாம் என்று படுத்ததும் சிலருக்கு நெஞ்சு படபடப்பது ஏன் என்று எழுதியிருந்தார். காப்பி, வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பது, இடது பக்கமாகப் படுப்பது, ரத்தக் குறைவு, தைராய்டு, சளி மாத்திரை, மனக்கவலை, ஆக ஏழு. மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ கூட வந்தால் இதைப் படித்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றும் எழுதியிருந்தார். எனக்கு அந்த மூன்றும் இல்லை. வெறும் படபடப்புத்தான். படுத்த மூன்றாம் நிமிஷம் தாலி கட்டுகிற நேரத்து மேளம் மாதிரி ஆரம்பித்துவிடும். அந்த ஏழு காரணத்தையும் ஒன்று விடாமல் என் வீட்டிலேயே சோதித்துப் பார்த்து, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். கடைசியில் எட்டாவது காரணம் ஒன்று அகப்பட்டது. அது அதே இதழில் நாற்பத்தாறாம் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள்தான் அச்சடித்தீர்கள்.

நாற்பத்தாறாம் பக்கம் ராமகோடி எழுதுகிறவர்களின் பட்டியல். நான் 'ஸ்ரீராம' எழுத உட்கார்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. கோடி தடவை எழுதி முடித்து, நோட்டுகளை மேளத்தோடு தலையில் சுமந்து பத்ராசலம் ராமர் கோயிலில் சேர்க்க வேண்டும், எங்கள் குடும்பத்தில் அதை முதலில் செய்தவள் நானாக இருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது எனக்கு இருக்கிற ஆசை இது ஒன்றுதான். மகளின் இரண்டு பிரசவம், என் கண் ஆபரேஷன் எல்லாம் போக அறுபத்தொன்பது லட்சம் ஆகியிருந்தது. உங்கள் பட்டியலில் என் பெயர் கீழே, முறுக்கு மாவு விளம்பரத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தது. பக்கத்தின் உச்சியில் என் ஓரகத்தி ஹைமாவதி. என் கொழுந்தனின் பெண்டாட்டி, முற்றத்துக்கு அந்தப் பக்க வீட்டுக்காரி, என்னைப் பார்த்து என்னைவிட மூன்று வருடம் கழித்து எழுத ஆரம்பித்தவள். அவளுக்கு எழுபத்தொரு லட்சம் என்று போட்டிருந்தீர்கள், போட்டோவோடு! பட்டுப் புடவையில்! அந்தப் புடவை என் மகள் கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்தது என்பதை மட்டும் போடவில்லை. பதினாறு வருடம் என்றால் லீப் வருடம் சேர்த்து ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பத்து நாலு நாள். வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து வருகிறது. சமைத்து, துவைத்து, சாயங்காலம் இரண்டு சீரியலும் பார்க்கிறவளுக்கு அது எப்படி முடியும்? மூன்று பேனாவை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி எழுதுகிறாளோ, முதல் வரியை எழுதிவிட்டுக் கீழே எல்லாம் 'மேற்படி' போடுகிறாளோ என்று நினைத்தேன். ராமன் மன்னிக்கட்டும். படபடப்பு ஆரம்பித்தது அன்று ராத்திரிதான்.

"ஏங்க, எந்திரிங்க, நெஞ்சு அடிச்சிக்குது" என்று வீட்டுக்காரரை உலுக்கினேன். "அடிக்கலைன்னா எழுப்பு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் சாயங்காலக் காப்பியை நிறுத்தினேன். நான்காம் நாள் ராமர் கோயில் ஹரிகதையில் சீதை தீக்குளிக்கிற கட்டத்தில் கண் சொருகி, பக்கத்தில் இருந்த கோயில் கமிட்டித் தலைவர் சம்சாரத்தின் மடியில் போய் விழுந்தேன். பக்திப் பரவசம் என்று நினைத்து அந்த அம்மாள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவு நல்ல தூக்கம் கோயிலில் வந்தது, வீட்டுக் கட்டிலில் வரவில்லை. அன்று ராத்திரி படுத்தபடி மணிக்கட்டைப் பிடித்து எண்ணிய நாடி நிமிஷத்துக்கு நூற்று நாலு. காப்பி நிரபராதி. அடுத்தது சாப்பாடு. கோங்குராக் கீரை இல்லை, நெய் இல்லை, ஆறரை மணிக்கு மூன்று இட்லி, அத்தோடு அடுப்பு அணைத்தாகிவிட்டது. எனக்கு என்னவோ அதுதான் அவருக்கும். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் "தம்பி கூப்பிட்டான்" என்று முற்றத்தைத் தாண்டிப் போனவர் ஒன்பது மணிக்கு மீசையில் ஹைமாவதியின் 'குத்தி வங்காய்' கத்தரிக்காய்க் குழம்பு மணத்தோடு திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாலும் ஹைமா கைப்பக்குவம் வேற" என்றார்.

"அப்படியா? ராத்திரிப் படுக்கையும் அங்கயே போட்டுக்கோங்களேன், இங்க எனக்கு இடமாவது கிடைக்கும்."

அன்று நூற்றுப் பன்னிரண்டு. மூன்று இட்லிக்கு நூற்றுப் பன்னிரண்டு அடிக்குமா, நீங்களே சொல்லுங்கள். பிறகு இடது பக்கம். இதில் டாக்டர்காரு சொன்னது அட்சரம் பிசகாமல் பலித்தது. இடது பக்கம் படுத்தால் அடித்துக்கொள்கிறது, வலது பக்கம் படுத்தால் அடங்கிவிடுகிறது. மகராஜன், கண்டுபிடித்துவிட்டார் என்று அவர் பேரில் ஒரு தேங்காய்கூட உடைத்தேன். ஆனால் வலது பக்கம் படுத்தால் வீட்டுக்காரரின் குறட்டை நேராகக் காதுக்குள் வருகிறது. அதனால், வலது பக்கம் படுத்தாலும் அவர் என் முதுகுக்குப் பின்னால் வரட்டும் என்று ஒரு மத்தியானம் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போட்டேன். அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். விடியற்காலை எழுந்தவர் பழக்கத்தில் நடந்து அலமாரியில் முட்டிக்கொண்டு நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கத்தோடு பஜார் போனார், கேட்டவர்களிடமெல்லாம் நான் அடித்ததாகச் சொல்லியிருக்கிறார். அது கிடக்கட்டும். ஆச்சரியம் என்னவென்றால், கட்டிலைத் திருப்பியதும் என் இதயமும் திரும்பிவிட்டது! இப்போது இடது பக்கம் படுத்தால் அமைதி, வலது பக்கம் படுத்தால் மேளம். இதயம் எங்கேயாவது பக்கம் மாறுமா? நோட்டை வைத்துக்கொண்டு யோசித்தேன். மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். எந்தப் பக்கம் படுத்தால் ஜன்னல் தெரிகிறதோ அந்தப் பக்கம் அடித்துக்கொள்கிறது. ஜன்னலுக்கு எதிரே ஹைமாவதியின் அறை. அங்கே பத்தரை மணிக்கும் விளக்கு எரியும். எழுதிக்கொண்டிருக்கிறாள்! நான் படுத்திருக்கிறேன், அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்! உடனே நானும் எழுந்து விளக்கைப் போட்டு நோட்டை விரித்துவிடுவேன்.

ஆனாலும் உங்கள் இதழுக்கு மரியாதை கொடுத்து மிச்சத்தையும் முடித்தேன். சளி மாத்திரை நான் தொடுவதே இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்ததில் ரத்த அளவு பன்னிரண்டரை, தைராய்டு சரி. ஈ.சி.ஜி. எடுக்கப் படுக்க வைத்தார்கள். பகல் வெளிச்சத்தில் இதயம் புதுப் பெண் மாதிரி அடக்க ஒடுக்கமாக இருந்தது. சுகுணா என்று ஒரு நர்ஸ், வாய் சும்மா இராது.

"எந்த வீடும்மா? கோட்ட குடும்பமா? உங்க வீட்டுல இருந்து போன வாரம்கூட ஒருத்தங்க வந்தாங்களே, இதே படபடப்புன்னு."

"யாரு?"

"ஹைமாவதி காருன்னு. பாவம், ரொம்ப நல்ல மாதிரி. கையில ராமகோடி நோட்டோட வந்தாங்க. காத்திருந்த நேரத்துலகூட எழுதிக்கிட்டே இருந்தாங்கம்மா!"

காகிதத்தில் கோடு எகிறியது. "அம்மா, அசையாதீங்க" என்றாள். நான் அசையவே இல்லை. எழுபதாக இருந்த துடிப்பு நூற்றெட்டாயிற்று. நோயைக்கூட எனக்கு முன்னால் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் பாருங்கள். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் எழுதலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஏழாவது காரணம் மனக்கவலை. "எனக்கென்ன கவலை? கடன் உண்டா, தொல்லை உண்டா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே, "பொறாமைன்னு எழுதினா சந்தா கட்டமாட்டீங்கன்னு டாக்டர்காரு மரியாதையா மனக்கவலைன்னு போட்டிருக்காரு" என்றார். பால் நோட்டை எடுத்துக்கொண்டு நேரே முற்றத்தைத் தாண்டி அவள் கதவைத் தட்டினேன். திறந்தவள் கையிலும் உங்கள் இதழ். அதே முப்பத்தெட்டாம் பக்கம்.

"உன் லைட்டால எனக்குத் தூக்கம் போச்சுடி" என்றேன்.

"அய்யோ அக்கா, உங்க லைட்டாலதான் எனக்குப் போச்சு! படுத்துக் கண்ண மூடுவேன், உங்க ஜன்னல்ல வெளிச்சம் வரும். அக்கா எழுதுறாங்க, நான் படுத்திருக்கேனேன்னு திக்குனு இருக்கும். எந்திரிச்சு உக்காந்துடுவேன்."

"நீ போட்டதப் பார்த்துத்தானே நான் போட்டேன்?"

"நீங்க போட்டதப் பார்த்துத்தான் நான் போட்டேன்."

முதலில் போட்டது யார் என்று அரை மணி நேரம் பேசினோம், தீரவில்லை. பிறகு அவள் ஒன்று சொன்னாள். "அக்கா, நீங்க இந்த வீட்டுப் பெரிய மருமக. நீங்க கோடி முடிக்கிற வரைக்கும் நான் காத்திருக்கேன். பத்ராசலத்துல உங்க நோட்டு முன்னாடி போகட்டும், என்னோடது பின்னாடி வரட்டும்." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர் காரு. ஒரு பக்கத்துக்கு நூற்றெட்டு எழுதினால், முதல் பத்துக்கு மேல் எனக்கு ராமன் நினைவே இல்லை, அவள் நினைவுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் இத்தனை நாள் எழுதியது ஹைமாகோடி. இரண்டு பேரும் ராமர் படத்தில் கை வைத்து, ஒன்பதரைக்கு மேல் விளக்குப் போடுவதில்லை என்று சத்தியம் செய்தோம். யார் முதலில் அணைப்பது என்று சச்சரவு வந்ததால், ஆண்கள் இருவரும் கிணற்றடியில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறார்கள், இரண்டு விளக்கும் ஒன்றாக அணைகின்றன. பதினோரு இரவு ஆகிவிட்டது. எழுபத்து நாலு அடிப்போடு தூங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்தால்தான் எழுகிறேன்.

ஆகையால் என் விண்ணப்பம் இரண்டு. எதிர் ஜன்னல் விளக்கு என்பதை உங்கள் டாக்டர்காரு எட்டாவது காரணமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இனி எங்கள் இருவர் பெயரையும் ஒரே வரியில், எண்ணிக்கை இல்லாமல், போட்டோ இல்லாமல் போட வேண்டும். வீட்டில் அம்மாவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி. ராமன் உங்கள் அச்சு இயந்திரத்துக்கும் டாக்டர்காருவின் கைக்கும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோட்ட சேஷரத்னம்

பின்குறிப்பு: ஒரே வரி, எண்ணிக்கை இல்லாமல், போட்டோ இல்லாமல் என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். போட்டோ இத்துடன் இருக்கிறது. இன்று காலை வரை அறுபத்தொன்பது லட்சத்து எழுபதாயிரம். இதில் இருபத்திரண்டாயிரம், இந்தப் பதினோரு இரவும் விளக்கை அணைத்துவிட்டு எழுதியது. சத்தியம் விளக்கைப் பற்றித்தானே, பேனாவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வரி மேலும் கீழுமாகப் போயிருக்கும், ராமனுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஹைமாவதி கண்ணாடி போட்டவள், இருட்டில் எழுத வராது என்று தைரியமாக இருந்தேன். நேற்று இருட்டில் முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "காத்தா இருக்கும், படு" என்கிறார் வீட்டுக்காரர். இந்த ஊரில் மூன்று நாளாக இலை அசையவில்லை. இப்போது எந்தப் பக்கம் படுத்தாலும் அடித்துக்கொள்கிறது.