துரைசாணி அலமாரிக்கு வெள்ளையடித்தவன்

பெரிய துரைசாணியின் நூறு வருஷத்து ஓக் அலமாரியை ஒரே பகலில் புத்தம் புதுசாக்கிவிட்டேன். அதுதான் தப்பு.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த புதுசு. கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆசாரி. வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் நுவரெலியாவுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கக் கிளம்பினார்கள்.

"ஆசாரி, அலமாரிக் கதவு சத்தம் போடுது. எண்ணெய் வை. வேற தொடாதே" என்றார் துரைசாணி.

எண்ணெய் வைக்க இரண்டு நிமிஷம். மீதிப் பகலுக்கு என்ன செய்வது?

அலமாரியைப் பார்த்தேன். மாதா கோயில் ஜன்னல் மாதிரி கூர் வளைவு. உச்சியில் சிங்கத் தலை. எல்லாம் ஒரே கறுப்பு. கணப்புப் புகை அப்பியிருக்கிறது என்று நினைத்தேன். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். சாயங்காலம் சிங்கத்துக்குப் பல் தெரிந்தது!

சமையல்காரர் அந்தோணி எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவி ஆசாரி! துரையை விட வெள்ளையா இருக்கேய்யா!"

"அழுக்கு எடுத்தேன்."

"அழுக்கா? அந்தக் கறுப்புக்குத்தான்யா மதிப்பு! துரைசாணியோட தாத்தா, ஆதிகாலத்துக் கோயில் வேலை மாதிரியே வேணும்னு சொல்லிச் செஞ்சது. நாளைக்குச் சாயங்காலம் வந்துருவாங்க. உனக்குப் பத்துச்சீட்டுதான்!"

பத்துச்சீட்டு கிழித்தால் வேலையும் போச்சு, குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போச்சு.

துரையின் சப்பாத்துப் பாலிஷைப் பூசினேன். சிங்கம் பூட்ஸ் மாதிரி மினுங்கியது. மறுபடி உப்புத்தாள். அடுப்புக் கரியைக் கரைத்துப் பூசினேன். என் மூஞ்சிதான் கறுத்தது.

பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு என் பொண்டாட்டி தேடி வந்தாள். என்னைப் பார்த்து முதலில் சிரித்தாள். ஆசை தீரச் சிரித்தாள்.

"ஏங்க, இதுக்கா இந்தப் பாடு? என் விரலைப் பாருங்க. இருபது வருஷமா சவுக்காரம் போட்டுக் கழுவுறேன், கொழுந்துக் கறை போச்சா? செடி வெட்டுற கத்தியும் அப்படித்தான் கறுக்குது. தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்தா சும்மா விடுமா?"

"மரத்துக்கு இதெல்லாம்..."

"ஆசாரி வேலையைத்தான் பார்த்தோமே! தள்ளுங்க."

தேயிலைத் தூளைக் கெட்டியாகக் காய்ச்சினாள். துருப்பிடித்த ஆணி ஒரு பிடி போட்டாள். அந்தோணியின் வினாகிரி போத்தலையும் கவிழ்த்தாள். மூடி வைத்தாள். மறுநாள் காலையில் பூசச் சொன்னாள். பூசினேன். பார்க்கப் பார்க்கக் கறுத்தது!

சாயங்காலம் துரைசாணி வந்தார். கதவைத் திறந்தார். சத்தம் இல்லை. சிங்கத்தைத் தடவினார்.

"பார் ஆசாரி. நூறு வருஷக் கறுப்பு. இப்போ யாரும் இது செய்ய முடியாது."

"முடியாதுங்க தொரைசாணி."

செய்தவள் மூணாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். என் ராமாயி.