தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் தோழி

தன்னைப் புகழச் சொல்லிக் கேட்பவர்கள் ஒரு வகை. அவர்களால் ஆபத்தில்லை, நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது இன்னொரு வகை. இவள் தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். திட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பாள்.

கண்ணாடி, கடை ஜன்னல், தெருவில் நிற்கும் காரின் கதவு, அணைந்த போன் திரை, கரண்டியின் பின்பக்கம் என்று உருவம் தெரியக்கூடிய எதைக் கண்டாலும் ஒரு நொடி நின்று, பக்கவாட்டில் திரும்பி, மூச்சை உள்ளே இழுத்து, “ஐயோ, எப்படி ஊதிட்டேன் பாரு!” என்பாள். இழுத்த மூச்சை விட மாட்டாள். நீங்கள் “சும்மா இருடி, நீயா குண்டு?” என்று சொன்ன பிறகுதான் விடுவாள். பதிலைத் தாமதிக்கக் கூடாது. தாமதித்தால் யோசிக்கிறீர்கள் என்று அர்த்தம். யோசித்தால் ஆமாம் என்று அர்த்தம். அப்புறம் அன்று மாலை முழுக்க அவளைச் சமாதானப்படுத்துவதுதான் உங்கள் வேலை.

எங்கள் மூன்று பேரில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். அவளைக் குச்சி என்று கூப்பிடுவோம். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. இன்னொருத்தி லீடர், பள்ளியில் வகுப்பை அடக்கியவள், ஆளும் குரலும் பெரிசு. பள்ளி முடிந்து, அடுத்தது என்னவென்று தெரியாத இந்த நாட்களில் மூவரும் பகல் காட்சிக்குப் போகிறோம்.

குச்சி படம் பார்ப்பதே தனி அழகு. கதாநாயகி அப்பாவை இழந்து அழுதுகொண்டிருப்பாள், இவள் என் காதருகே வந்து, “போன படத்துக்கு இதுல வெயிட் போட்டுட்டா, கவனிச்சியா?” என்பாள். கொஞ்சம் பொறுத்து, “அவளே போட்டுட்டான்னா, என் கதியை நெனச்சுப் பாரு.” நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே “சும்மா இருடி” என்பேன். பழகிவிட்டது.

அன்று பார்த்தது நான்கு தோழிகளைப் பற்றிய படம். அதில் ஒருத்தி குண்டு. சினிமாவில் குண்டுத் தோழிக்கென்று சில கடமைகள் உண்டு: கதாநாயகியின் பையைத் தூக்க வேண்டும், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்க வேண்டும், ஒரு நாற்காலியையாவது உடைக்க வேண்டும். இந்தப் படத்தில் அவள் ஒன்றையும் உடைக்கவில்லை. நீச்சல் உடையில் கடலைப் பார்த்து ஓடினாள், அவ்வளவுதான். தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லை. கேமராவும் சிரிக்கவில்லை.

குச்சி தேம்பித் தேம்பி அழுதாள். “இனிமே என் உடம்பை அப்படியே ஏத்துக்கப் போறேன்டி. சத்தியமா.” சத்தியம் படிக்கட்டு வரை நீடித்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு கண்ணாடி இருந்தது.

லீடர் நேராகக் கீழ்த்தளத்துத் துணிக்கடைக்குள் போனாள். வெயில் கொளுத்தும் நாளிலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டைதான் போடுவாள் அவள். அன்று கையில்லாத ஒரு நீல கவுனை எடுத்து, ஏதோ தப்பு செய்வதற்கு அனுமதி கேட்பதுபோல, “போட்டுப் பாக்கவா?” என்றாள்.

உடை மாற்றும் அறையின் திரை விலகியது. அழகாக இருந்தாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் குச்சியின் கண் அதற்குள் பக்கத்துக் கண்ணாடிக்குப் போய்விட்டது.

“ஐயோ, என் கையைப் பாருங்கடி! தூண் மாதிரி இருக்கு!”

“சும்மா இருடி. குண்டா இருக்கறவங்க கவலைப்படலாம், உனக்கென்ன?” என்றேன் நான்.

ஆமாம், நான்தான் சொன்னேன். திட்டிக்கொள்பவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தயாராகப் பதில் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

லீடர் எப்போதும் சிரித்துச் சமாளிப்பாள். அன்று திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“சைஸ் சரியில்லையாம்மா?” என்றார் கடைக்கார அக்கா.

“சைஸ் சரியாத்தான் இருக்குக்கா,” என்றது திரை.

குச்சிக்கு முகம் வெளுத்தது. “ஏய், நான் உன்னைச் சொல்லலடி. என்னைத்தானே சொன்னேன்.”

“தெரியும். மூணு வருஷமா உன்னை மட்டும்தான் சொல்றே. பக்கத்துல நின்னு கேக்கறது நான்.”

திரைக்கு உள்ளே கவுன் கழற்றப்படும் சரசரப்பு. இன்றைக்கு அது கொக்கிக்குத் திரும்பினால் அவள் இன்னொரு முறை எடுக்க மாட்டாள். எனக்குத் தெரியும். குச்சிக்கும் தெரிந்தது. அழுகிற குரலில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். இந்த வகை எப்படி மன்னிப்புக் கேட்கும் என்று நினைக்கிறீர்கள்?

“நான் எவ்வளவு மோசமான ஃப்ரெண்டு, இல்ல?”

கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூச்சு உள்ளே நின்றிருந்தது. என் நாக்கு தானாக எழுந்தது, கடித்துக்கொண்டேன்.

“ஆமா,” என்றது திரை.

மூன்று வருடங்களில் குச்சிக்குக் கிடைத்த முதல் நேர்மையான பதில் அது. செத்துவிடுவாளோ என்று பார்த்தேன். இல்லை. மெல்ல மூச்சை விட்டாள். வயிறு கொஞ்சம் வெளியே வந்தது, எல்லோருக்கும் வருவதுபோல. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “சரி,” என்றாள். “அதை மறுபடி போடு. நான் உன்னைப் பாக்கவே இல்லடி. என்னைத்தான் பாத்துட்டிருந்தேன்.”

உள்ளே மறுபடி சரசரப்பு. திரை விலகியது. நீல கவுன்.

குச்சி தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தாள். “நல்லா இருக்கு,” என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்காமலிருக்க அவள் பட்ட பாடு எனக்கு மட்டும் தெரிந்தது. லீடர் காசைக் கட்டிவிட்டு, அதைக் கழற்றாமலே வீட்டுக்கு நடந்தாள்.

படித்துக்கொண்டே நீங்கள் யாரையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ‘ஒருவேளை நானும் இப்படித்தானோ?’ என்று ஒரு சந்தேகம் இப்போது எட்டிப் பார்க்கும். பக்கத்திலிருக்கும் தோழியைக் கேட்டால் என்ன என்று தோன்றும். தாராளமாகக் கேளுங்கள். கேட்கும்போது, அவள் எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்று முகத்திலேயே எழுதிவைத்துக்கொண்டு மட்டும் கேட்காதீர்கள்.