ஆறு டின் யூரியா

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் எடுத்த முதல் வருடம் எனக்குத் தலைக்கனம் தாங்க முடியாது. றொசல்லைப் பக்கம் எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் மூலர்த்திணிவு தெரிந்த ஒரே ஆள் நான்தான். (யாரும் அதைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

அந்த வருடம்தான் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நாமே பராமரித்துக் கொழுந்து பறித்துக் கொடுக்க வேண்டும். செடியைக் கெடுத்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அம்மா என்னைக் கவனித்ததைவிட அவற்றை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

இலைக்கு யூரியா தெளிக்கச் சொன்ன, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, ஒரு காகிதத் துண்டில் ‘2%’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். தெளிக்கும் டேங்க் பதினாறு லீற்றர்.

“பக்கத்து வீட்டுல டேங்குக்கு ஒரு பால் டின்னு யூரியாதான் போட்டாங்க,” என்றார் அம்மா.

“அவங்க கெமிஸ்ட்ரி படிச்சாங்களாம்மா?”

வகுப்பில் அப்போது மூல் கணக்கைத் தவிர வேறு பேச்சே இல்லை. இரண்டைக் கண்டதும் கை தானாக ‘லீற்றருக்கு இரண்டு மூல்’ என்று எழுதியது. பக்கத்திலிருந்த குறி கண்ணில் படவே இல்லை. யூரியாவின் மூலர்த்திணிவு, அதாவது ஒரு மூலின் நிறை, அறுபது கிராம். லீற்றருக்கு நூற்றிருபது கிராம். டேங்குக்கு 1920 கிராம்; பால் டின்னில் அளந்தால் ஆறு டின்.

“ஆறு டின்னா? செடி தாங்குமாடி?”

“கணக்கு பொய் சொல்லாதும்மா.”

கரைக்கும்போது வாளி சில்லென்று குளிர்ந்தது. அது வெப்பத்தை உறிஞ்சும் அகவெப்பத் தாக்கம் என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

அம்மா தெளிக்கப் போனதும், இரசாயனவியல் சேரிடம் காட்டிப் பாராட்டு வாங்க, கணக்கை அழகாகக் கொப்பியில் எழுதினேன். கடைசியில் சரிபார்க்க நூற்றுவீதத்துக்கு மாற்றினால், பன்னிரண்டு! துண்டில் இருந்தது இரண்டு வீதம்; பக்கத்து வீட்டின் ஒரு டின்தான் சரி.

“நிப்பாட்டும்மா!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். இரண்டு நிரை முடிந்திருந்தது. பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து, பொழுது சாயும்வரை ஒவ்வொரு செடியாகக் கழுவினோம்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இலையோரமெல்லாம் கருகியிருந்தது. பார்த்து அழுதேவிட்டேன். கண்டாக்கு ஐயாவும் அன்றைக்கே வந்து நின்றார்.

“இது என்னா நோவு?”

“நோவு இல்லைங்கய்யா. எம் மகளோட கணக்கு.”

அவர் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தார்.

“கொழுந்து திரும்ப வந்துரும். செடி ஒங்ககிட்டயே இருக்கட்டும். புள்ளைய மட்டும் இந்தப் பக்கம் விடாதீங்க.”

இன்று நான் இரசாயனவியல் ஆசிரியை. பெண் பார்க்க வந்தவர்கள் என் படிப்பை விசாரித்தபோது அம்மா சொன்னார்: “கெமிஸ்ட்ரிங்க. நல்லாப் படிச்சவதான். செடிகொடிகிட்ட மட்டும் விட்டுறாதீங்க.”

கல்யாணமாகி நான்கு வருடமாகிறது. வாசலில் இருக்கும் ஒரே ரோசாச் செடிக்கு இன்றும் என் கணவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார்.