ஆஞ்சலாவை அணி காப்பாற்றிய வரலாறு

வாகனங்கள் நகராத ஊரில் மனிதர்கள் ஓடத் தொடங்குவார்கள். இது இயற்கையின் நியதி. அந்த வகையில் உலக நாகரிகத்துக்குப் பெங்களூர் ஆற்றிவரும் சேவையை இன்னும் யாரும் முறையாகப் பாராட்டவில்லை. ஞாயிறு விடியலில் கப்பன் பார்க் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே சும்மா நடந்து போகிறவரைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட புண்ணிய பூமியில், விவேக் நகரில், ஆஞ்சலா என்ற பெண் ஒரு குறையோடு வளர்ந்தாள். அவளுக்கு உண்மையிலேயே ஓட வரும். ஸ்டேடியத்தில் பத்தாயிரம் மீட்டர் ஓடி மாநில அளவில் பதக்கம் வாங்கியவள். வட்டப் பாதையில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி, வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவள் கால்கள் மறந்திருந்தன.

"டிராக் போதும், ரோட்டுக்கு வா," என்றார் அவளுடைய கோச் லாயிட். "இந்த மாரத்தான மூணு மணி நேரத்துக்குள்ள முடிச்சிட்டேன்னா ஸ்டேட் கேம்ப்ல எடுத்துப்பாங்க. விட்டா, அடுத்த கேம்ப் எப்பன்னு எனக்கே தெரியாது."

ஆஞ்சலாவுக்கு அது முதல் மாரத்தான். பெயர் கொடுக்கப் போனால், பதிவு எப்போதோ முடிந்திருந்தது. மிச்சமிருந்த ஒரே வழி, அவள் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனத்தின் அணி. அந்த அலுவலகத்தில் எல்லோரும் நாள் முழுவதும் 'கால்'களிலேயே இருந்தார்கள். சொந்தக் கால்களில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அணியை வழிநடத்தியவர் துணைத்தலைவர் ஜெயராமன். மாரத்தானில் ஆழ்ந்த அனுபவம் உள்ளவர். போன வருடம் பாதி தூரம் ஓடி, மீதிப் பாதியைப் பற்றிப் பல உரைகள் நிகழ்த்தியிருந்தார். அவர் தலைமையில் கூடிய 'ஓட்ட வழிகாட்டுக் குழு', முதல் வேலையாக ஆஞ்சலாவுக்கு ஓடக் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்தது.

"டிராக்ல ஓடறது வேற, ரோட்ல ஓடறது வேற," என்று தொடங்கினான் ராம்கி. கையில் கட்டியிருந்த கடிகாரம் அனுமதித்தால் மட்டுமே மூச்சு விடும் பொறியாளன் அவன். "டிராக்ல குழி இருக்காது."

அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே உண்மை என்பதால் இதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்து தர்ஷினி. மனித வளத்துறையின் தலைவி. அந்தத் துறைக்கு இப்போது 'மகிழ்ச்சித் துறை' என்று பெயர்.

"ஆஞ்சலா, நீங்க எதுக்கு ஓடறீங்க? மனசுல இருந்து சொல்லுங்க."

"முன்னாடி போறதுக்கு, மேடம்."

தர்ஷினி பரிவோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவால்ல. சரி பண்ணிடலாம்."

சரி பண்ணும் பொருட்டு ஒரு கொள்கை வகுக்கப்பட்டது: 'ஒன்றாய்ப் புறப்படுவோம், ஒன்றாய்ச் சேருவோம்.' ஆஞ்சலா கை தூக்கினாள்.

"சார், எனக்கு மூணு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். கேம்ப் செலக்ஷன் இருக்கு."

"கண்டிப்பா," என்றார் ஜெயராமன். "அதுக்குத்தானே நாங்க இருக்கோம்!"

மாரத்தான் நாள் வந்தது. அணி ஒரே நிறச் சட்டையில், ஒரே பதாகையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றாய்ப் புறப்பட்டது. பதாகையின் இடது முனை ஆஞ்சலா கையில். அவளைத் தாண்டி ஊரே போயிற்று. மாம்பழ வேடம் போட்ட ஒருவர் போனார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒருவர் போனார்; குழந்தை திரும்பிப் பார்த்து டாட்டா காட்டியது.

சாலையோரம் நின்றிருந்த அவள் அக்கா மௌரீனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏய் ஆஞ்சி! உங்க சார் ஓடுறாரா, ஊர்கோலம் போறாரா? நம்ம கோயில் தேரே இதவிட ஜோரா போவும்டி!"

ஆஞ்சலாவுக்கு அழுகை முட்டியது. மூன்றாவது கிலோமீட்டர் பலகை அருகே ஜெயராமன் நின்று, கைபேசியை உயர்த்தி, ஓட்டத்தின் தத்துவத்தை நேரலையில் விளக்கத் தொடங்கினார். அவள் அருகே போனாள்.

"சார், நான் கொஞ்சம் ஓடிட்டு வரட்டுமா?"

கழிப்பறைக்குத்தான் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். "போயிட்டு வாம்மா. சீக்கிரம் வந்துடு," என்றார் பெருந்தன்மையோடு.

பதாகை முனையை ராம்கியிடம் கொடுத்துவிட்டு அவள் ஓடினாள்.

தள்ளுவண்டியைத் தாண்டினாள். மாம்பழத்தைத் தாண்டினாள். சாலை வளையாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பார்த்த மரத்தையே மறுபடி பார்க்க வேண்டியதில்லை! பாதி தூரம் கடந்தபோதும் மூச்சு அவள் சொன்னபடி கேட்டது. நான் இதற்குத்தான் பிறந்தேனோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

அல்சூர் பக்கம் வந்தபோது ஒரு கோயிலில் மணி அடித்தது. ஸ்டேடியத்தில் மணி அடித்தால் அதுதான் கடைசிச் சுற்று. கால்கள் பழக்க தோஷத்தில் அவளைக் கேட்காமலே பாய்ந்துவிட்டன. முடிவுக்கோடோ இன்னும் நான்கு கிலோமீட்டருக்கு அப்பால். பாய்ந்த கால்களை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. தொடை கல்லாகிப் போனது, கண் இருண்டது. மாதா பெயரையும் மௌரீன் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே ஓடி, கோட்டைத் தாண்டி விழுந்தாள்.

மூன்று மணி நான்கு நிமிடம்.

லாயிட் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஓட்டத்துல ஒரு குறையும் இல்லம்மா," என்றார். "ஆரம்பம்தான்…" மௌரீன் உட்கார்ந்து தங்கையின் ஷூ நாடாவை அவிழ்த்தாள். விவேக் நகர் அறிந்தவரை அவள் வாய் மூடியிருந்தது அன்றுதான்.

அணி மதியத்துக்குமேல் ஒன்றாய்ச் சேர்ந்தது, ஆட்டோவில்.

திங்கட்கிழமை அலுவலக அரங்கில் வெற்றி விழா. தர்ஷினி 'நான்' என்ற எண்ணத்தை வென்ற அணியைப் பாராட்டினாள். ராம்கி தன் கடிகாரத்தின் வரைபடங்களைத் திரையில் காட்டினான். ஆஞ்சலாவுக்கு ஒரு சால்வை போர்த்தி, ஜெயராமன் மைக்கைப் பிடித்தார்.

"முதல் மாரத்தான்! வெறும் நாலு நிமிஷம்தான் அதிகம்! யோசிச்சுப் பாருங்க. அந்த முதல் மூணு கிலோமீட்டர் நாம மட்டும் கூட இல்லேன்னா, ஆஞ்சலா இன்னிக்கு எங்க இருந்திருப்பாங்க? நீங்களே சொல்லுங்க, ஆஞ்சலா!"

மைக் அவள் வாயருகே வந்தது.

"கேம்ப்ல, சார்."

முதலில் கை தட்டியவர் ஜெயராமன்தான்.