கட்டைவிரல் சொன்ன வேண்டாம்

குன்னூர்
13.9.2000

எமரால்டு ஊரில் இருக்கும் திரு. நாச்சிமுத்து அவர்களுக்கு, தேயிலை ஃபேக்டரி கிளார்க் மயில்சாமி வணக்கத்துடன் எழுதுவது. மேலே ‘சம்பந்தி’ என்று எழுதி அடித்திருக்கிறேன். அதைத் திரும்ப எழுதும் உரிமை இனி நீங்கள் கொடுத்தால்தான். இங்கு என் கால் தவிர அனைவரும் நலம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் இந்துவை என் மகன் தரணிதரனுக்குப் பேசி முடிக்க வந்த இடத்தில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு என் ரத்தத்தில் உள்ள யூரிக் அமிலமே காரணம். ஏழுக்குள் இருக்க வேண்டியது ஒன்பதரை இருப்பதால் கால் கட்டைவிரல் வீங்கிக் கிடக்கிறது. பருப்பு, பட்டாணி, காளான், காலிஃபிளவர் எதையும் தொடக்கூடாது, தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டைப் பார்த்துச் சமைத்தது போல உங்கள் வீட்டுப் பந்தியில் அத்தனையும் வரிசையாக வந்தன. “ஏனுங்க, ஒரு கரண்டி பருப்பாச்சும் ஊத்திக்குங்க, கை நனைச்சாத்தானுங்க சம்பந்தம்” என்று உங்கள் வீட்டம்மா மருதாம்பாள் கெஞ்ச, நான் தண்ணீர்ச் செம்பையே பிடித்துக்கொண்டிருந்தேன், குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா, மூன்று தடவை பின்பக்கம் போனேன், அதை உங்கள் பங்காளிகள் தேயிலைத் தோட்டத்தை எடைபோடப் போனதாக எடுத்துக்கொண்டார்கள், பச்சைத் தேயிலை விலை விழுந்துகிடக்கும் இந்த நேரத்தில் அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை, இதற்கு நடுவில் இந்து ஆசீர்வாதம் வாங்கக் குனிந்து காலைத் தொட, கட்டைவிரல் நெருப்பாய் எரிந்து, “வேண்டாம், வேண்டாம்” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். பெண் அழுதுகொண்டே உள்ளே போனாள். என் மகன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் வேண்டாம் என்றது வலியைத்தான், பெண்ணை அல்ல.

தங்கள் குடும்பத்தார் எல்லோருக்கும் எங்கள் வணக்கம். இந்துவுக்கு என் ஆசி, இந்த முறை தூரத்திலிருந்து.

இப்படிக்கு,
மயில்சாமி

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதை என் மனைவி கனகமணிக்குப் படித்துக் காட்டினேன். “வீங்குனது எடது காலுங்க. அந்தப் புள்ள தொட்டது வலது கால்” என்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். மூன்றாவது தடவை நான் தோட்டத்தைப் பார்க்கத்தான் போனேன். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று விட்ட தேயிலை இடுப்புயரம் வளர்ந்து நின்றது. அதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த ‘வேண்டாம்’ வாயில் வந்தது. எங்கள் ஃபேக்டரியே வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. வெட்கமாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து இந்துவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குப் பிறகும் நீங்கள் மனது வைத்து இலை போட்டால், பருப்பு ஊற்றியே சாப்பிடுகிறேன்.