பெரிய கிராணி மகள் கல்யாணத்தில் நான் உருகிப் பாடியது

பாடவே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்து இல்லை. இரண்டாவது வரியிலேயே கைதட்டி உட்கார வைத்துவிடலாம். ஓரளவு பாடத் தெரிந்து, ‘உணர்ச்சிதான் போதவில்லை’ என்று யாரோ சொல்லிவிட்ட ஆள் இருக்கிறானே, அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்படி ஒருவன் இருந்தான். தோட்ட ஆபீசில் சின்ன கிராணி, அதாவது சின்ன குமாஸ்தா வேலை, தலையில் வழிய வழிய எண்ணெய், கழுத்தில் அம்மா பின்னிய மப்ளர். சாட்சாத் நானேதான்.

என்னிடம் அப்படிச் சொன்னவர் ஒரு நீதிபதி. பக்கத்து டவுனான தானா ராத்தாவில் தீபாவளிக்கு நடந்த பாட்டுப் போட்டிக்காக ஈப்போவிலிருந்து வந்திருந்தார்.

“தம்பிக்குக் குரல் இருக்கு. சுருதி சுத்தம், தாளம் தப்பலை. பாவம்தான் துளிகூட இல்லை. பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரி பாடுறீங்க” என்று மைக்கிலேயே சொன்னார்.

(பெரட்டு என்றால் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வருகை எடுப்பது. தோட்டத்தில் அந்த வேலையைப் பார்த்ததே நான்தான். கூட்டத்தில் பாதிப் பேர் தினமும் என்னிடம் ‘ஆஜர்’ சொல்கிறவர்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?)

ஆறுதல் பரிசாக வந்த பிளாஸ்டிக் வாளியோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் குமுறினேன்.

“என் பாட்டுல பாவமே இல்லைன்னுட்டாரும்மா.”

“நல்லதுதானேடா! பாவமே இல்லாத பிள்ளைன்னு நாலு பேர் முன்னால சொல்லியிருக்காரு. இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?”

இப்படிப்பட்ட வீட்டில் கலை எப்படி வளரும்? நானே வளர்ப்பது என்று முடிவு செய்தேன். உணர்ச்சி என்றால் என்னவென்று கண்ணாடி முன்னால் நின்று ஆராய்ந்ததில், கண்ணை மூடுவது, நெஞ்சில் கைவைப்பது, வரி முடிகிற இடத்தில் குரல் உடைவது என்று புரிந்தது. சாயங்காலங்களில் மலைச்சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று குரலை உடைத்து உடைத்துப் பழகினேன். ஒருநாள் நன்றாகவே உடைந்துவிட்டது. மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், “அலாமா! சின்ன கிராணியைக் குளவி கொட்டிருச்சு!” என்று கூடையோடு ஓடிவந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை என் முகமெல்லாம் அப்பிவிட்டார்கள். அதையும் நான் என் கலைக்குக் கிடைத்த வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன். கேட்டவர்கள் பதறினார்கள் அல்லவா?

இந்த நிலையில்தான் பெரிய கிராணியின் மகள் சாரதாவுக்குக் கல்யாணம் வந்தது. பெரிய கிராணி என் மேலதிகாரி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் ஆபீசில் டைப்ரைட்டர்கூடப் பேச்சை நிறுத்திவிடும்.

“மணியம், வரவேற்புல நீயும் ஒரு பாட்டு பாடு. சந்தோஷமா, சுருக்கமா. சரியா?”

நான் தேர்ந்தெடுத்தது, காதலி கைவிட்டுப் போன பிறகு காதலன் கதறுகிற பாட்டு. எனக்குத் தபேலா வாசிக்க இருந்த ராஜு மிரண்டுபோனான்.

“கல்யாண வீட்டுல அழுவுற பாட்டா? வேணாம் லா.”

“சந்தோஷப் பாட்டுல என்னடா உணர்ச்சி? பல்லைக் காட்டலாம், அவ்வளவுதான்.”

“அப்படின்னா கண்ணுல தண்ணி வரணுமே. உனக்கு வராதே.”

அது உண்மை. எவ்வளவு முக்கியும் என் கண் வறண்டே கிடந்தது. ராஜுதான் வழி சொன்னான். குளிருக்கு எல்லோரும் சட்டைப்பையில் வைத்திருக்கும் தைலத்தில் இரண்டு சொட்டைக் கைக்குட்டையில் விட்டு, முகம் துடைப்பதுபோல் கண்பக்கம் கொண்டுபோனால் போதுமாம். இரண்டு சொட்டு யாருக்குப் போதும்? நான் பாதிக் குப்பியைக் கவிழ்த்தேன்.

கல்யாணத்தன்று தோட்டத்து ஹாலுக்குள் பனி புகுந்து நின்றது. மணப்பெண் பட்டுப்புடவைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். தாப்பா ரோட்டு வளைவுகளில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியேதான் தலையை வைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவை இருவர் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மணமக்கள் மேடையின் ஓரத்தில் அலங்கார நாற்காலிகளில் இருந்தார்கள். பல்லவி ஒழுங்காகப் போனது. சரணம் தொடங்கும்போது கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினேன்.

மிளகாய் அரைத்த அம்மியில் முகத்தை வைத்துத் தேய்த்ததுபோல் இருந்தது. கண் இரண்டும் இறுகி மூடிக்கொண்டன. மூக்கு தனியாக ஓடத் தொடங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை; கலைஞன் அல்லவா? கையோடு மைக்கை இழுத்துக்கொண்டு, கூட்டம் இருப்பதாக நான் நினைத்த பக்கம் திரும்பி, ஒரு கையை நீட்டி, என்னை விட்டுப் போக உனக்கு எப்படி மனம் வந்தது என்று விம்மி விம்மிப் பாடினேன். ஹாலே மூச்சடங்கிப்போனது. யாரோ ஒரு அம்மாள், “ஐயோ, பாவம்!” என்றாள். வந்துவிட்டது, கடைசியில் பாவம் வந்தே விட்டது என்று பூரித்துப்போனேன்.

நான் நின்ற இடத்தைப் பிறகுதான் சொன்னார்கள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாரதாவுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்று அவளைப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தேனாம்.

“நிறுத்துடா பாட்டை!” மாப்பிள்ளையின் மாமா எழுந்துவிட்டார். “யாரு இந்தப் பையன்? பொண்ணுக்கும் இவனுக்கும் என்ன? இப்பவே சொல்லிருங்க. எங்க பஸ் வாசல்லதான் நிக்குது.”

நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை மாலையைக் கழற்றப்போனார் என்று சிலர் சொல்வார்கள். பெரிய கிராணி “மணியம்!” என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த உணர்ச்சியை நான் ஏழு பிறவி எடுத்துப் பயிற்சி செய்தாலும் கொண்டுவர முடியாது.

முதலில் பேசியது சாரதாதான்.

“இவரா? அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனா, கேரியரை மேசையில வைங்கன்னு சொல்லுவாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினதில்ல.” மாப்பிள்ளையின் மாமா பக்கம் திரும்பினாள். “நீங்களே நல்லாப் பாருங்க மாமா. இந்த மூஞ்சிக்கா நான்?”

எல்லோரும் நல்லாப் பார்த்தார்கள். மூக்கு ஒழுக, கண் வீங்கி நின்ற என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து என் அம்மா எழுந்து, “ஏன், என் பிள்ளைக்கு என்ன குறைச்சல்?” என்று கேட்டார். தீர்ந்த சந்தேகம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா மெல்ல எழுந்து மேடைக்கு வந்தார். என் அருகில் நின்று மூக்கை உறிஞ்சினார். என் கையிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கி முகர்ந்தார்.

“தாப்பாவுலேருந்து இதையேதான் மோந்துக்கிட்டு வந்தேன், எனக்குத் தெரியாதா?” கைக்குட்டையைத் தூக்கிக் காட்டினார். “இது காதலும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. தைலம்!”

ஹால் வெடித்தது. மாப்பிள்ளை சிரித்தார், சாரதா ஸ்வெட்டருக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். ராஜு தபேலாவைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

“போயி மூஞ்சியைக் கழுவிட்டு வா” என்றார் பெரிய கிராணி, பல்லைக் கடித்துக்கொண்டு. “வந்து ஒரு சந்தோஷப் பாட்டு பாடு. முழுசாப் பாடு.”

பாடினேன். கண் எரிந்தது, தபேலாவும் இல்லை. அடுத்த மாதமும் எனக்கு வேலை இருக்குமா என்ற கேள்வி ஒவ்வொரு வரியிலும் தொங்கிக்கொண்டிருந்தது. குரல் தானாக நடுங்கியது. நான் பழகாத நடுக்கம். முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா, “இப்பதான்யா பாட்டுல உசுரு இருக்கு” என்று கைதட்டினார். அது உயிர்ப்பயம் என்று அவருக்கு யார் சொல்வது?

வேலை போகவில்லை. ஆனால் மழைக்காலம் முடிகிறவரை ஆகக் கடைசி மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு என்னை அனுப்பிவைத்தார் பெரிய கிராணி. கதை எனக்கு முன்பே காய்கறி லாரிகளில் ஏறித் திரிங்காப், கோலா தெர்லா என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. திரிங்காப்பில் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அம்மா வாசலிலேயே, “அந்தத் தைலத் தம்பிதானே?” என்று கேட்டார். இருந்தும் பெண் கொடுத்தார்கள்.

எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். அவள் ஒரு கொட்டாவி விட்டாள், அவ்வளவுதான். எனக்குத் தோள் குலுங்க அழுகை வந்துவிட்டது. அப்படியே கையை நீட்டினேன். மாமியார் பிள்ளையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை, மொதல்ல போயி கையைக் கழுவிட்டு வாங்க. புள்ளைக்குக் கண்ணு எரியப்போவுது.”

வீட்டுக்கு யார் வந்தாலும் இதை இன்றைக்கும் என் மகள்தான் சொல்கிறாள், பாட்டி குரலிலேயே. நீ பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, உனக்கென்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்டால்தானே? கைகழுவப் போனது உண்மைதான். திரும்பி வந்தபோது மாமியார் என் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் கொடுத்தார்.